திரும்பி வரும் சிறுநீரும் எதுக்களிக்கும் உணவும்

(அறக்கட்டளை அரங்கில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)





இன்றைய பேச்சை எங்கள் குழுவின் ஒரு தவறிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நம் மஹல்லாவில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. ஒன்றரை வருடத்தில் அந்தக் குழந்தையின் காய்ச்சல் செலவுக்காக மூன்று முறை நம்மிடம் விண்ணப்பம் வந்தது. மூன்று முறையும் பில்களைக் கூட்டிப் பார்த்தோம், கணக்குச் சரியாக இருந்தது, பணத்தைக் கொடுத்தோம். காய்ச்சல் சிரப், ஆன்டிபயாடிக் சிரப், ஒரு முறை இரண்டு நாள் குளுக்கோஸ். நான்காவது முறை காய்ச்சல் வந்தபோது வேறொரு குழந்தை மருத்துவர், "இதுவரை யூரின் டெஸ்ட் எடுத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்ததில் கிருமித் தொற்று இருந்தது. பிறகு செய்த பரிசோதனைகளில், குழந்தையின் இடது சிறுநீரகத்தில் ஒரு பகுதி தழும்பாகிப் போயிருப்பது தெரிந்தது.

நாங்கள் பழைய ஃபைல்களை எடுத்துப் புரட்டினோம். மூன்றிலும் யூரின் டெஸ்ட் பில் கிடையாது. எங்கள் குழுவில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். எங்களில் ஒருவருக்குக்கூட, "சளி இல்லை, இருமல் இல்லை, பிறகு ஏன் திரும்பத் திரும்பக் காய்ச்சல்?" என்று கேட்கத் தோன்றவில்லை. பேர் சொல்லாமல் இதைப் பேசிக்கொள்ள அந்தக் குடும்பம் அனுமதி தந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்று அந்தக் குழந்தையின் உம்மாதான் எங்களை வற்புறுத்தினார்.

அந்தக் குழந்தைக்கு இருந்தது சிறுநீர்ப் பின்னோட்டம். சிறுநீரகத்தில் உண்டாகும் நீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. அங்கிருந்து வெளியேற வேண்டுமே தவிர, வந்த வழியே மேலே ஏறக் கூடாது. அதைத் தடுக்க அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாடு மிக எளிமையானது. அந்தக் குழாய் பையின் சுவரை நேராகத் துளைத்துக்கொண்டு நுழைவதில்லை. சுவருக்குள்ளேயே சாய்வாகக் கொஞ்ச தூரம் ஊர்ந்து போய்த்தான் உள்ளே திறக்கிறது. மெத்தைக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை நீளமாகச் செருகிவிட்டு மெத்தை மேல் உட்கார்ந்து பாருங்கள். குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். பை நிரம்ப நிரம்ப அப்படித்தான் அந்தக் குழாய் மூடிக்கொள்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சுவருக்குள் போகும் அந்தத் தூரம் குட்டையாக இருக்கும். நசுங்க இடமில்லை. பை நிரம்பும்போதும், சிறுநீர் கழிக்க முக்கும்போதும் நீர் மேலே ஏறுகிறது.

ஏறும் நீர் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பெரிய கேடில்லை. அதில் கிருமி சேர்ந்துவிட்டால் கிருமி நேராகச் சிறுநீரகத்துக்கே போய்விடுகிறது. அப்போதுதான் கடும் காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் சிறுநீரகத்தில் தழும்பு விழ வாய்ப்பிருக்கிறது. தழும்பு விழுந்த இடம் மறுபடி வேலை செய்யாது. தழும்புகள் கூடினால் பிள்ளைக்கு இளவயதிலேயே ரத்த அழுத்தம் வரலாம், சிறுநீரில் புரதம் போகலாம், இரண்டு பக்கமும் மோசமாகிவிட்டால் சிறுநீரகமே செயலிழக்கலாம். டயாலிசிஸ் செலவுக்காக நம்மிடம் வரும் குடும்பங்களை நீங்களும் பார்க்கிறீர்கள். அந்த வாசலுக்குப் போகாமல் தடுக்கக்கூடிய நோய்களில் இது ஒன்று.

காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் பின்னோட்டம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இருந்தால் அதன் கூடப்பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இருக்கலாம். பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தாலும் பிள்ளைக்கு வரலாம். ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் குடும்பத்தில் இருக்கும் இந்த விவரத்தை நீங்களே சொல்லுங்கள். கர்ப்ப கால ஸ்கேனில் "குழந்தையின் கிட்னியில் வீக்கம் தெரிகிறது" என்று எழுதியிருந்தால், பிரசவம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் அதை மறந்துவிடாதீர்கள். பிறந்த பிறகும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

எப்படிச் சந்தேகப்படுவது? பெரிய பிள்ளை, "ஒன்னுக்குப் போனால் எரியுது" என்று சொல்லிவிடும். அடிவயிறு வலி, அடிக்கடி ஓடுவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைப்பது, இவையும் அடையாளங்கள். கைக்குழந்தை எதையும் சொல்லாது. காய்ச்சல் இருக்கும், பால் குடிக்காது, சிணுங்கும், வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். நாங்கள் சொன்ன அந்தக் குழந்தையும் எட்டு மாதத்தில் காய்ச்சலோடு மூன்று நாள் வாந்தி எடுத்திருக்கிறது. பல் முளைக்கிறது என்று பெத்தும்மா சொன்னார்கள், கண்ணேறு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பால் எதுக்களிக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வாந்தி என்றால் வயிற்றைத்தான் நினைப்போம், சிறுநீரை யார் நினைப்பார்?

இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் குழந்தைக்கு வந்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் சொட்டு உள்ளே போவதற்கு முன் சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பரிசோதனையோடு "கல்ச்சர்" பரிசோதனையும் வேண்டும். ஒரு வேளை மருந்து கொடுத்த பிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போய்விடலாம். நோய் இருந்தும் "ஒன்றுமில்லை" என்று ரிசல்ட் வரும். வீட்டு ஃப்ரிட்ஜில் போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம், டெஸ்டுக்காக நாள்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. சரியான மருந்து தொடங்க இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாமதமானால் தழும்புக்கான வாய்ப்பு கூடுகிறது. நீரைக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்னால் அன்றே மருந்தைத் தொடங்கலாம்.

நீரைப் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பிளாஸ்டிக் பையை ஒட்டிப் பிடிக்கும் நீரில் தோலின் கிருமிகள் கலந்துவிடும், அதைக் கல்ச்சருக்கு நம்ப முடியாது. கழுவிவிட்டு, பீய்ச்சும்போது நடுவில் வரும் நீரைச் சுத்தமான டப்பாவில் பிடிப்பது அல்லது ஆஸ்பத்திரியில் மெல்லிய டியூப் வைத்து எடுப்பதுதான் சரி.

தொற்று உறுதியானால் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தால் பின்னோட்டம் இல்லை என்று அர்த்தமாகாது, அதையும் சொல்லிவிடுகிறோம். பின்னோட்டத்தை நேரடியாகக் காட்டுவது எம்.சி.யூ. என்ற பரிசோதனை. டியூப் வழியாகப் பையில் மருந்து நீரை நிரப்பி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை, டாக்டர்தான் முடிவு செய்வார். பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை என்றால் சில வாப்பாமார் தயங்குகிறார்கள். உம்மா கூடவே இருக்கலாம், பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் உம்மா கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் நிற்கக் கூடாது, வேறொருவர் நிற்கட்டும். தழும்பைப் பார்க்க டி.எம்.எஸ்.ஏ. என்ற இன்னொரு ஸ்கேன் உண்டு. நிலையான தழும்பு எது என்று அறிய, காய்ச்சல் தீர்ந்து நான்கிலிருந்து ஆறு மாதம் கழித்து அதை எடுப்பார்கள்.

பின்னோட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்றும் இரண்டும் லேசானவை. பிள்ளை வளர வளர அந்தச் சுரங்கமும் நீண்டு, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். நான்கு, ஐந்து தானாகச் சரியாவது குறைவு. அதுவரை கிருமி வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். சில பிள்ளைகளுக்குத் தினமும் இரவில் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 607 குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்து 2014ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கொடுத்தால் மறுபடி தொற்று வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் புதிய தழும்பு விழுவதில் வித்தியாசம் தெரியவில்லை, வந்த தொற்றுகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் கூடியிருந்தன. அதனால்தான் ஒரு டாக்டர் கொடுக்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். டாக்டர்களுக்குள் சண்டை என்று நினைக்க வேண்டாம், பிள்ளையைப் பொறுத்து முடிவு மாறுகிறது. கொடுக்கச் சொன்னால் விடாமல் கொடுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். நன்றாக ஓடி விளையாடுகிறதே என்று நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

மருந்துக்கும் அடங்காமல் தொற்று வந்துகொண்டே இருந்தால், டியூப் வழியாகக் குழாயின் வாயில் ஒரு ஜெல் ஊசி போட்டுத் துவாரத்தை இறுக்கலாம். அல்லது அறுவை சிகிச்சையில் குழாயை எடுத்து, சுவருக்குள் நீளமாகப் புதைத்துத் தைக்கலாம். நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றியாகும் அறுவை சிகிச்சை இது. இதற்குக் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நிலத்தை விற்கும் முன் எங்களிடம் வந்து கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். மலச்சிக்கலும் சிறுநீரை அடக்குவதும்தான் தொற்றுக்குப் பெரிய வாசல்கள். மலம் கட்டி நின்றால் பை முழுதாகக் காலியாகாது, தங்கும் நீரில் கிருமி வளரும். பழம், கீரை, போதுமான தண்ணீர், காலை உணவுக்குப் பின் நிதானமாகக் கழிப்பறையில் உட்காரும் பழக்கம் வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னால் கழுவச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்று காலை எட்டு மணிக்குப் போன பிள்ளை மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து ஓடுகிறது. அங்கிருந்து நேரே மதரஸா. நம் மதரஸாவின் கழிப்பறையும் பெருமைப்படும்படி இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை கட்ட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஓதிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகக் கூடாது என்று ஹஜ்ரத்மார் கண்டிக்க வேண்டாம் என்றும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. சுன்னத் செய்த ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று மிகக் குறைவாகவே வருகிறது என்பது மருத்துவமும் ஒத்துக்கொண்ட உண்மை. பின்னோட்டம் உள்ள ஆண் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருக்கும் குழந்தைக்குச் சுன்னத் செய்துவிடக் கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு அந்தத் தோல் தேவைப்படும். ஒஸ்தாவிடமோ கேம்பிலோ கொண்டுபோகும் முன் டாக்டர் ஒரு முறை பார்த்துவிடட்டும். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சி வராமல் சொட்டுச் சொட்டாக வந்தாலும் உடனே காட்டுங்கள், கீழே அடைப்பு இருக்கலாம்.

இனி வயிற்று விஷயம். இதுவும் மூட வேண்டிய வாசல் மூடாததுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது நேரமில்லா நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே வரும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டை வரை எதுக்களிப்பு, சிலருக்கு விடாத வறட்டு இருமல்.

கைக்குழந்தை பால் கக்குவது பெரும்பாலும் நோயே இல்லை. நான்கு மாதத்தில் அதிகமாக இருக்கும், ஒன்று ஒன்றரை வயதுக்குள் நின்றுவிடும். எடை ஏறுகிறதா, சிரித்து விளையாடுகிறதா என்று பாருங்கள். பச்சை நிற வாந்தி, ரத்தம், ஒவ்வொரு முறையும் தூரமாகப் பீய்ச்சியடிக்கும் வாந்தி, எடை ஏறாமை, இவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்திருந்தால் முதலில் சொன்ன யூரின் டெஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். கக்குகிறது என்று குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்க வைக்க வேண்டாம், மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வருவோம். வலீமா பிரியாணியை இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து படுக்கிறோம். நோன்பில் கஞ்சி, வடை, சமோசா, பிறகு தராவீஹ் முடிந்து மறுபடி சாப்பாடு. சஹர் சாப்பிட்டு ஃபஜ்ரு தொழுததும் படுக்கை. நிரம்பிய வயிறோடு படுப்பதுதான் எதுக்களிப்புக்கு முதல் நண்பன். படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். சஹருக்குப் பின் படுத்தே ஆக வேண்டுமானால் சஹரைக் குறைவாகச் சாப்பிட்டு, தலைப்பக்கம் உயர்த்தி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் அளவு உயர்த்துவதுதான் பலன் தரும். வயிற்றுச் சதை குறைந்தால் எரிச்சலும் குறையும். பீடி, சிகரெட், புகையிலை பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம், இன்றும் சொல்லிவிட்டோம்.

பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை நம்மில் பாதிப் பேர் மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறோம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. இவை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் சரியாக வேலை செய்யும். நோன்பில் எந்த வேளைக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக நான்கிலிருந்து எட்டு வாரம் கொடுத்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று பார்க்க வேண்டிய மருந்து இது. பத்து வருடமாகச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுபவர்கள் நம்மிடையே உண்டு. அரிதாக இந்த மாத்திரைகளே சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். அதற்காக இன்றிரவே எல்லோரும் நிறுத்திவிட வேண்டாம். நீண்ட நாள் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரியும். சிலருக்கு நீண்ட காலம் அவசியமும்கூட. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். பழைய ரானிடிடின் மாத்திரையை, அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு சேர்வதாகக் கண்டு, 2020ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுத்தார்கள். நம் நாட்டில் 2022ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையால் சமாளிக்காமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அமிலம் பட்ட உணவுக்குழாயின் உட்தோல் மாறி, சிலருக்குப் புற்றுநோய் வரை போகலாம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுவது, வேர்வை, மூச்சு வாங்குதல் என்றால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் போலவே வரலாம். முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் கேஸ். 108க்கு அழையுங்கள்.

அந்தக் குழந்தை இப்போது இரவு மருந்தில் இருக்கிறது. ஏழு மாதமாகக் காய்ச்சல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஃபைலைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். நாளை அவள் நிக்காஹ் முடிந்து முதல் கர்ப்பத்துக்கு டாக்டரிடம் போகும்போதும் அந்த ஃபைல் கூடப் போக வேண்டும், தழும்புள்ள சிறுநீரகத்துக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறலாம். "பெண் பிள்ளைக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால்..." என்று அவள் வாப்பா இழுத்தார். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சொன்னோம்.

இந்த மாதத்திலிருந்து குழந்தைகளின் காய்ச்சல் செலவு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: யூரின் டெஸ்ட் எடுக்கப்பட்டதா? எடுக்கவில்லை என்றால் பணம் நிற்காது, ஆனால் எங்களில் ஒருவர் உங்களுக்குப் போன் செய்வார். கல்ச்சர் பரிசோதனைச் செலவை, வசதியில்லாத குடும்பங்களுக்கு, விண்ணப்பம் இல்லாமலே அறக்கட்டளை ஏற்கும். டாக்டர் சீட்டை மட்டும் அலுவலகத்தில் காட்டினால் போதும். சுத்தமான டப்பாக்களும் அங்கேயே வைத்திருக்கிறோம்.

மஃக்ரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேட்கத் தயங்கும் விஷயங்களைத் தாளில் எழுதி அனுப்புங்கள், பேர் போட வேண்டாம். பெண்கள் பகுதியில் நம் நர்ஸம்மா இருக்கிறார்கள், அவர்களிடமே நேரில் கேட்கலாம்.